எட்ட நின்ற அருள்

திருக்குறளைப் பள்ளிப் பருவத்திலிருந்தே ஓதி வருகிற நமக்கு, அந்தப் பழக்கம் காரணமாகவே கண்ணிற் படாமற் போய்விடும் செய்தி ஒன்று அந்நூலின் அதிகார வைப்பில் இருக்கிறது. அன்புடைமையை இல்லறவியலுக்குள் 8-ஆவது அதிகாரமாக அமைத்த வள்ளுவர், அருளுடைமையை அதன் பக்கத்தில் வைக்காமல், மனைவி, மக்கள், விருந்து, ஈகை, புகழ் என்று இல்லறத்தின் கிளைகளையெல்லாம் கூறி முடித்தபின், துறவறவியலின் வாயிலைத் திறக்கிற இடத்தில் 25-ஆவது அதிகாரமாக நிறுத்தினார். தொடர்புடையாரிடத்துச் செல்வது அன்பென்றும், தொடர்பு கருதாது எல்லா உயிர்களிடத்தும் செல்வது அருளென்றும் உரைகாரர்கள் வேற்றுமை கூறுவார்கள். அந்த விளக்கத்தில் எனக்கு ஐயம் இருந்ததில்லை. ஆனால் எல்லா உயிர்களிடத்தும் இரக்கம் கொள்வதற்கு ஒருவன் எதைத் துறக்க வேண்டும், மனைவி மக்களோடு வாழ்கிறவன் தெருவில் அடிபட்டுக் கிடக்கும் நாய்க்குத் தண்ணீர் வைப்பதற்குத் துறவு எதற்கு என்கிற வினா மட்டும் நெடுங்காலம் என் மனத்தில் தங்கிக் கிடந்தது. விடை என்று நான் இப்போது நம்புகிற ஒன்று எனக்குக் கிடைத்த இடம், வட தாய்லாந்தில், சியாங் மாய் நகரத்துக்கு வடக்கே, மே தெங் ஆற்றின் பள்ளத்தாக்கு. கிடைத்த சமயம், அங்கே மீட்கப்பட்ட யானைகளின் புகலிடம் ஒன்றில், அவற்றுக்காகப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டு நான் கழித்த ஒரு வாரம்.

யானையைப் போற்றுவதில் அந்த நாட்டுக்கு ஈடு சொல்லக்கூடிய நாடுகள் குறைவு. சயாம் தேசத்தின் கொடியில் 1917-ஆம் ஆண்டு வரை யானை நின்றது. நம் ஐராவதம் அங்கே எராவன் என்ற பெயரோடு மூன்று தலை கொண்டு விளங்குகிறது. சியாங் மாய் நகரத்துக்கு மேலே தோய் சுதேப் மலையில் பொன் வேய்ந்து நிற்கிற தூபிக்கு வழங்கும் தலவரலாறோ, புத்தருடைய தாதுவை முதுகில் ஏற்றி விடுத்த வெள்ளை யானை ஒன்று தானே வழி தேர்ந்து அந்த மலையேறி, மும்முறை பிளிறி, அங்கேயே உயிர்விட்டதென்றும், அது விழுந்த இடத்திலே 14-ஆம் நூற்றாண்டில் கோயில் எழுந்ததென்றும் சொல்கிறது. சந்நிதியில் நின்று பக்தியோடு அந்தக் கதையைக் கேட்ட எனக்கு, அது பாரம் சுமந்து மலையேறிச் செத்த ஒரு பிராணியின் கதையுமாகும் என்பது படியிறங்கி வரும்போதுதான் உறைத்தது. காட்டில் திரிகிற யானை அந்நாட்டில் வனவிலங்கு. மனிதன் வசப்பட்ட யானையோ, 1939-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, மாடு, எருமை, குதிரை, கழுதை ஆகியவற்றோடு ஒருங்கெண்ணப்படும் சுமை விலங்கு. கொடியிலும் கோபுரத்திலும் தெய்வமாகவும் பத்திரத்தில் உடைமையாகவும் ஒரே பிராணியை ஒரே காலத்தில் ஒரு சமூகம் வைத்திருக்க முடியும் என்பதை வியப்போடு கேட்கிற உரிமை நமக்கு இல்லை. அதைப் பின்னர் சொல்கிறேன்.

தலைமுறை தலைமுறையாக அந்த யானைகள் தேக்கங்காடுகளில் மரம் இழுத்தன. 1988 நவம்பரில் தென் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தது, மரம் வெட்டி மொட்டையான மலைகளிலிருந்து சேறும் வெட்டிப் போட்ட கட்டைகளும் சரிந்து ஊர்களின்மேல் விழுந்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். 1989 ஜனவரியில் அரசாங்கம் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதையே தடை செய்தது. காடுகளுக்கு விடுதலை அளித்த அந்தக் கட்டளை யானைகளுக்கு விடுதலை அளிக்கவில்லை. வேலையிழந்த யானையும் வேலையிழந்த பாகனும் ஒருவர் பசியை ஒருவர் பார்த்துக்கொண்டு பாங்காக் நகரத்துத் தார்ச்சாலைகளில் இரவு நேரத்தில் வாழைப்பழம் விற்றுப் பிச்சையெடுத்தார்கள். பின்னர் உல்லாசப் பிரயாணிகளின் வரவு பெருகவே, யானை அம்பாரி சுமந்தது, பந்தாடியது, துதிக்கையில் தூரிகை பிடித்துப் படம் வரைந்தது. இந்த வித்தைகளுக்கெல்லாம் அடிப்படையாக ஒரு கொடுமை இருக்கிறது. அதற்குப் பாஜான் என்று பெயர். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட கன்றை, அசைய இடமில்லாத மரச்சட்டத்துக்குள் நாலு காலையும் கட்டி நிறுத்தி, உணவும் உறக்கமும் மறுத்து, அங்குசத்தின் முனையை அது மறக்கவே முடியாதபடி அறிவித்து, அதன் சங்கற்பம் முறிந்தது என்று தோன்றுகிற வரையில் நாட்கணக்கில் நடத்துகிற சடங்கு அது. நம் வனத்துறையார் கரால் என்று சொல்லும் மரக்கூண்டைப் பார்த்தவர்களுக்கு அதன் உருவத்தை நான் வருணிக்க வேண்டியதில்லை. ஒரு யானை தன்னைத் தொட நமக்கு இடங்கொடுக்கிறது என்றால், பெரும்பாலும் எங்கோ, என்றோ, அது இப்படி முறிக்கப்பட்டிருக்கிறது.

இந்தப் பள்ளத்தாக்கில் 1990-களிலிருந்து வேறு விதமான முயற்சி ஒன்று நடைபெற்று வருகிறது. லேக், அதாவது சிறியவள், என்று எல்லோராலும் அழைக்கப்படும் சங்துவன் சைலெர்ட் என்ற அம்மையார், மலைச்சாதியினராகிய க்மு வகுப்பில் பிறந்து, வைத்தியரான பாட்டனாருக்கு நோய் தீர்த்ததற்குக் காணிக்கையாக வந்த யானை ஒன்றோடு வளர்ந்தவர். முறிக்கப்பட்ட, முடமான, குருடான யானைகளை விலை கொடுத்து மீட்டுவந்து அவர் அமைத்த காப்பகத்தைப் பார்த்து அக்கம்பக்கத்திலும் பல புகலிடங்கள் தோன்றின. அவருடைய காப்பகத்தில் வாழ்ந்த ஜோகியா என்கிற யானையின் வரலாற்றை அந்தப் பக்கத்தில் எவரும் சொல்வார்கள். மரம் இழுத்துக்கொண்டிருக்கும்போதே மலைச்சரிவில் கன்று ஈன்று, அந்தக் கன்று உருண்டு விழுந்து இறந்தபின், இனி வேலை செய்வதில்லை என்று நின்றுவிட்ட அந்தத் தாயின் இரு கண்களையும் அடுத்தடுத்துக் குருடாக்கினார்கள். மீட்கப்பட்டு வந்த ஜோகியாவை, மே பெர்ம் என்ற மூத்த யானை முதல் நாளே மோந்து பார்த்துத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, பின்னர் தான் இறக்கும் வரையில் அதன் கண்ணாக இருந்தது. யானைகள் நம் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஸ்வரத்திலே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்பதை, 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்து மிருகக்காட்சி சாலையில், காற்றில் ஏதோ அதிர்வதைத் தன் உடம்பினால் உணர்ந்து ஆராயத் தொடங்கிய கேட்டி பெய்ன் என்ற அம்மையார் உலகுக்கு அறிவித்தார். அந்த இரண்டு கிழவிகளும் ஆற்றங்கரையில் என்ன பேசிக்கொண்டிருந்தன என்பது, பக்கத்திலே நின்ற மனிதர்கள் எவருக்கும் கேட்டிராது.

நான் தங்கியது அந்தப் பெரிய காப்பகத்தில் அன்று. பக்கத்தில் ஒரு சிறிய புகலிடம். ஐரோப்பாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்த இளைஞர்களும், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற சிலரும், நானுமாகப் பன்னிரண்டு பேர், ஒரு வாரத்துக்குப் பல ஆயிரம் பாட் செலுத்திவிட்டு வேலை செய்ய வந்திருந்தோம். விடியற்காலையில் இலத்தி அள்ளுவோம். பின் லாரியில் வந்திறங்கும் தர்ப்பூசணியையும் பூசணியையும் வரிசையாக நின்று கைமாற்றி இறக்கி, பூச்சிமருந்து போகத் தொட்டியில் கழுவுவோம். பிற்பகலில் அரிவாளோடு வயலுக்குச் சென்று மக்காச்சோளத் தட்டை அறுப்போம். யானை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தின்னும். பகலிலும் இரவிலுமாகப் பதினாறு மணி நேரத்துக்கு மேல் தின்றுகொண்டே இருக்கும். ஆகவே அந்த வேலைக்கு முடிவென்பது இல்லை. முதல் நாள் மாலையில் எங்களுக்குச் சொல்லப்பட்ட விதிகளில், சவாரி இல்லை, அங்குசம் இல்லை என்பவற்றை எல்லோரும் மகிழ்ச்சியோடு கேட்டோம். தொடக் கூடாது, குளிப்பாட்டக் கூடாது, அவை தாமே வந்தாலன்றி அருகிற் போகக் கூடாது என்பதைக் கேட்டபோது கூட்டத்தில் ஒரு மௌனம் விழுந்தது. என் உள்ளமும் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தை நான் மறைக்க விரும்பவில்லை, ஏனெனில் இந்தக் கட்டுரை முழுவதும் அதைப் பற்றியதுதான். கடல் கடந்து, பொருள் செலவிட்டு, கருணை என்று நான் பெயரிட்டு வைத்திருந்த ஒன்றைச் சுமந்துகொண்டு வந்த எனக்கு, அந்தக் கருணையின் அடியில், அந்த மாபெரும் உடம்பின் சொரசொரப்பான தோலில் கைவைக்க வேண்டும், அதன் சிறிய கண் என்னை ஒருமுறை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்கிற வேட்கை இவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பது, அது மறுக்கப்பட்டபோதுதான் தெரியவந்தது.

பௌத்தர்கள் பிரமவிகாரம் என்று நான்கு மனநிலைகளைக் கூறுவார்கள்: மைத்ரி, கருணை, முதிதை, உபேக்ஷை. பதஞ்சலியின் யோகசூத்திரத்திலும் இந்த நான்கும் இதே வரிசையில் வருகின்றன. 5-ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து விசுத்திமார்க்கம் எழுதிய புத்தகோஷர், இவை ஒவ்வொன்றுக்கும் தூரத்துப் பகை ஒன்றும் அண்மைப் பகை ஒன்றும் உண்டு என்கிறார். மைத்ரிக்குத் தூரத்துப் பகை வெறுப்பு. அதை யாரும் எளிதில் அடையாளம் காணலாம். அதன் அண்மைப் பகை ஆசை. இரண்டும் அழகானதையே காண்கின்றன, இரண்டும் அருகில் செல்லத் துடிக்கின்றன. ஆகையால் பகைவன் நண்பனுடைய வேஷத்திலேயே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறான். இந்தப் பகுதியை நான் பல ஆண்டுகளுக்கு முன்பே படித்திருந்தேன். படித்ததற்கு அடையாளமாகப் பென்சிலால் கோடும் இழுத்திருந்தேன். என் வீட்டுக்குள்ளேயே அவன் உட்கார்ந்திருந்ததை மே தெங் ஆற்றங்கரையில் கண்டேன்.

உபேக்ஷை என்ற சொல்லை நாம் தமிழில் கெடுத்து வைத்திருக்கிறோம். உபேட்சையாக விட்டுவிட்டான் என்றால் கவனிக்காமல் கைவிட்டான் என்றே பொருள்படும். பௌத்தத்தில் அது நான்கனுள் கடைசியானது, முதிர்ந்தது: நன்கு பார்த்து, பார்த்ததைத் தன் பக்கம் இழுக்காமல் இருக்கிற நிலை. அதற்கும் அண்மைப் பகை உண்டு. அறியாமையால் வருகிற அசட்டை என்று புத்தகோஷர் அதைச் சொல்கிறார். ஆக, நம் மொழிவழக்கு பகைவனுடைய பெயரையே நண்பனுக்கும் வைத்துவிட்டது. அந்தப் புகலிடத்தில் கரேன் வகுப்பைச் சேர்ந்த பாகன் ஒருவன், இருபது வயதுக்கு மேல் இராது, மூங்கிற் புதரின் நிழலில் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பான். அவன் கையில் கோல்கூட இல்லை. யானை நகர்ந்தால் பத்தடி பின்னால் தானும் நகர்வான். சோம்பியிருக்கிறான் என்று முதல் நாள் நினைத்தேன். மூன்றாம் நாள், யானை வலப் பின்னங்காலைச் சற்றே தூக்கி வைத்ததை எங்களில் எவரும் கவனியாதபோது, அவன் எழுந்து சென்று வைத்தியரை அழைத்துவந்தான். அடிப்பாதத்தில் முள் ஏறியிருந்தது. நம்மவர் உபேட்சை என்று சொல்வதற்கும் ஆசாரியர் உபேக்ஷை என்று சொன்னதற்கும் உள்ள தூரத்தை அந்தப் பத்தடியில் கண்டேன்.

பணத்தைப் பற்றிய சங்கடம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தாய்லாந்தில் பல கோயில் வாயில்களில் சிறு கூடுகளில் குருவிகளை அடைத்து விற்பார்கள். வாங்குகிறவர் கூட்டைத் திறந்து பறக்கவிட்டு, சிறைப்பட்ட உயிரை விடுவித்த புண்ணியத்தை அடைவார். விடுவிக்கிறவர் இருப்பதனாலேயே பிடிக்கிறவர் இருக்கிறார். புண்ணியத்துக்காகவே அந்தப் பறவை சிறைப்படுகிறது. யானையை விலை கொடுத்து மீட்கிறபோதும் இதே ஐயம் எழுகிறது. விற்றவன் அந்தப் பணத்தில் ஒரு கன்றை வாங்கமாட்டான் என்பதற்கு உறுதி என்ன? நாங்கள் செலுத்திய பாட் யானைக்குத் தீனியாகிறது என்பது மெய். எங்களுக்குப் புண்ணியமாகத் திரும்பி வருகிறது என்பதும் மெய். அந்தப் புண்ணியத்துக்கு விலை இருக்கிற வரையில் காப்பகம் என்று பெயர்ப்பலகை மட்டும் மாற்றிக்கொண்டு பழைய வியாபாரத்தையே நடத்துகிறவர்களும் இருப்பார்கள். மறுபக்கமும் உண்டு. 2020-இல் பெருந்தொற்றினால் பிரயாணிகளின் வரவு நின்றபோது, வட தாய்லாந்தின் முகாம்களிலிருந்து பாகர்கள் தங்கள் யானைகளை மலைவழியாக நடத்திக்கொண்டு சொந்தக் கிராமங்களுக்குத் திரும்பினார்கள்; நாங்கள் வாராததும் யானைக்குப் பசியாகவே முடிந்தது. அந்நாட்டில் மனிதர் வசத்தில் இன்று 3,000-க்கும் மேற்பட்ட யானைகள் இருக்கின்றன. அவை எல்லாவற்றையும் கொண்டுபோய் விட ஒரு காடு மிச்சமில்லை. கையைக் கழுவிக்கொண்டு தூய்மையாக நிற்கக்கூடிய இடம் ஒன்றை நான் தேடிப் பார்த்தேன், எனக்கு அகப்படவில்லை.

அகப்பட்டது ஒரு சிற்பம். வாரத்தின் நடுவில் ஒரு நாள் விடுமுறையில், நகரத்துக் கோயில் ஒன்றில், காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கிற புத்தரையும், அவர் முன்னே துதிக்கையில் நீர்க்கலம் ஏந்தி மண்டியிட்ட யானையையும், தேனடை நீட்டுகிற குரங்கையும் கண்டேன். பாலேலாய் என்று அங்கே இந்தக் கோலத்துக்குப் பெயர். புதன்கிழமை இரவில் பிறந்தவர்கள் இதை வணங்குவார்கள். கௌசாம்பியில் பிக்ஷுக்கள் ஒருவரோடொருவர் பூசலிட்டுச் சொல் கேளாமற் போகவே, பகவான் தனியே பாரிலேயக வனத்துக்குச் சென்று தங்கினார். மந்தையின் நெருக்கத்தில் சலித்துத் தனித்து வந்த ஓர் ஆண்யானை அங்கே அவருக்குத் தொண்டு செய்தது. தண்ணீர் முகந்து வந்தது. கல்லைச் சுடவைத்துத் தள்ளி நீரை வெந்நீராக்கியது. இரவில் கிளையொன்றைப் பிடித்துக் காவல் நின்றது. யானைக்குத் தொண்டு செய்ய வந்தவன் என்று எண்ணிக்கொண்டிருந்த நான், தொண்டராக யானையே நிற்கிற சிற்பத்தின் முன் வெகுநேரம் நின்றேன். யாரும் அதை அடிக்கவில்லை. யாரும் அதைப் பழக்கவில்லை. அவரும் அதன்மேல் ஏறவில்லை. அந்தக் கதையின் முடிவைத் தம்மபத உரை கூறுகிறது. பகவான் ஊர் திரும்புகிறபோது யானை அவரைப் பின்தொடர்ந்தது. ஊரெல்லையில் அவர் திரும்பி நின்று, இதற்கு அப்பால் மனிதர் வாழும் இடம், உனக்கு அபாயம், நீ இங்கேயே நில் என்று சொல்லிவிட்டார். அவர் கண்ணுக்கு மறைந்தவுடன் அது நெஞ்சு வெடித்து இறந்து, தேவலோகத்தில் பிறந்தது. இளமையில் இதைக் கடுமையான கதையாக எண்ணியிருந்தேன். அந்த யானை ஊருக்குள் வந்திருந்தால், பகவானுக்குத் தொண்டு செய்த யானை என்று மாலையிட்டிருப்பார்கள். நெற்றியில் வர்ணம் தீட்டியிருப்பார்கள். காலில் சங்கிலியும் போட்டிருப்பார்கள். அவர் அதற்கு அருளியது அந்த எல்லைதான்.

நம் ஊர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. முதலையின் வாயிலகப்பட்ட கஜேந்திரன் கூப்பிட்டவுடன் கருடன் மேல் ஏறி ஓடோடி வந்த பெருமாளைப் பாடுகிற நாம், அந்தப் பெருமாளுடைய வாசலிலேயே யானையின் காலில் இரும்பு பூட்டி, கருங்கல் தரையில் நிற்க வைத்து, துதிக்கையில் நாணயத்தைக் கொடுத்துத் தலையில் ஆசி வாங்கிக்கொள்கிறோம். பொல்லாதவர்கள் செய்கிற காரியமாயிருந்தால் இதைப் பற்றி நான் சிந்தித்திருக்கமாட்டேன், அன்புடையவர்கள் செய்கிறார்கள். புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி, 2022 நவம்பர் 30-ஆம் நாள் காலை நடந்து செல்லும்போது வீதியில் சாய்ந்து உயிர்விட்டபோது, அந்த நகரம் சொந்தத்தில் ஒருவரை இழந்ததுபோல அழுதது. அந்தக் கண்ணீரில் ஒரு துளியும் பொய்யில்லை. கோயில் யானைகளை ஆண்டுக்கொருமுறை ஆற்றங்கரை முகாமுக்கு அழைத்துச் சென்று மற்ற யானைகளோடு சில வாரம் இருக்கவிடுகிற வழக்கத்தை 2003-இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கியபோது, யானைக்கு யானையின் உறவு வேண்டும் என்பது வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்டது. அப்படியானால் மற்ற மாதங்களில்? லட்சுமியிடம் ஊர் கொண்டிருந்தது அன்பு. தொடர்பு பற்றி வந்த, நிறைந்த, நனைந்த அன்பு. வள்ளுவர் அருளை அந்த அறையில் வைக்காமல், வீட்டைக் கடந்த வாயிலில் வைத்ததன் காரணத்தை நான் இவ்வாறு புரிந்துகொள்கிறேன்: என்னுடையது என்கிற சொல்லைக் கழற்றி வைக்காதவரையில், எவ்வளவு மெய்யான அன்பும் பிற உயிருக்குச் சங்கிலியாகிவிடக் கூடும். துறக்க வேண்டியது அந்த ஒரு சொல். துறக்க அரிதும் அதுவே.

ஆயினும் எட்ட நிற்பதையே அருளின் முழு இலக்கணமாகக் கொண்டுவிட எனக்கு மனமில்லை. வடலூரில் 1867-இல் தருமசாலையைத் திறந்த வள்ளலார், ஜீவகாருண்யத்தின் முதற்படியாகப் பசி தீர்த்தலையே வைத்தார். பசி தத்துவ விசாரத்துக்குக் காத்திராது. யானைக்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப்பற்கள் முளைக்கும். ஆறாவது தேய்ந்தபின் மென்று தின்ன இயலாமல் பட்டினியில் இறப்பதே காட்டின் நியதி. எங்கள் புகலிடத்தில் எழுபதை நெருங்கியதாகச் சொல்லப்பட்ட கிழ யானை ஒன்று இருந்தது. மரம் இழுத்ததில் முதுகு பள்ளமாகி, ஒரு கண் வெண்மை படர்ந்து, பல்லெல்லாம் போய்விட்ட மூதாட்டி. காட்டுக்கு நியதியாக இருப்பதை, காட்டை அதனிடமிருந்து பறித்தவர்கள் சொல்லிக்கொண்டு சும்மா இருக்க முடியாது. 2024 அக்டோபரில் இந்தப் பள்ளத்தாக்கில் ஆறு பொங்கி அந்தப் பெரிய காப்பகத்துக்குள் புகுந்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட யானைகளை இரவும் பகலும் மேட்டுக்கு ஓட்டிச் சென்றவர்கள் எட்ட நிற்கவில்லை. அவர்களாலும் காக்க முடியாமல் இரண்டு இறந்தன, அவற்றுள் ஒன்று குருடு. ஆசைக்கு எட்டவும் தேவைக்குக் கிட்டவும் நிற்கத் தெரிவதற்கு, நான் அறிந்தவரையில், நூல் எதுவும் அளவுகோல் தருவதாயில்லை. அந்தக் கரேன் பையனுடைய பத்தடிதான் எனக்குத் தெரிந்த ஒரே அளவு.

மூதாட்டிக்குக் கவளம் உருட்டுவது கடைசி மூன்று நாட்களும் என் பங்காயிற்று. கனிந்த வாழைப்பழத்தையும் வெந்த பூசணியையும் ஒட்டரிசிச் சோற்றையும் தவிட்டோடு பிசைந்து, செரிமானத்துக்காகப் புளியும் உப்பும் சேர்த்து, இரு கையாலும் பிடிக்கத் தக்க உருண்டைகளாக்கி, வேலியின் மரத்தட்டில் வைத்துவிட்டுப் பின்வாங்கிவிட வேண்டும். துதிக்கை வரும்; நுனியால் தடவிப் பார்க்கும்; எடுத்துக்கொண்டு போகும். சனிக்கிழமை காலையில் அடுத்த வாரத்துக் கூட்டம் வந்து சேர்ந்தது. அதில் ஒரு பெண்மணிக்குப் புளியை எவ்வளவு கரைக்க வேண்டும் என்பதைக் காட்டிக் கொடுத்தேன். அவர் உருட்டிய முதல் கவளம் சற்றுத் தளர்ந்திருந்தது. மூதாட்டி வந்தது, தடவிப் பார்த்தது, என் கவளத்தை எடுத்ததுபோலவே அதையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, எங்கள் இருவர் பக்கமும் திரும்பாமல், ஆற்றை நோக்கி நடந்தது. வண்டி புறப்பட இன்னும் அரைமணி நேரம் இருந்தது. நான் கத்தியை எடுத்து இன்னொரு பூசணிக்காயைப் பிளந்தேன்.